மீன் துள்ளுகிறது, கீரை ஏன் வெளுக்கிறது?

விடிந்ததும் மாடிக்குப் போனால் தொட்டியில் மீன் துள்ளுகிறது. பக்கத்து ஜல்லிப் படுகையில் கீரை நிற்கிறது. ஆனால் கொழுந்து பச்சையாக இல்லை. இலை முழுக்க மஞ்சள்; நரம்பு மட்டும் பச்சை.

"ஏங்க, போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"சத்து பத்தலை போலிருக்கு. ஒரு கை யூரியா போட்டா சரியாப் போயிடும்."

அந்த ஒரு கை யூரியாவில்தான் வினை தொடங்குகிறது. இரண்டொரு நாளில் மீன் செத்து மிதக்கும். கீரையோ அப்போதும் மஞ்சளாகவே நிற்கும்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு நிலம் ஏது? மாடியில் ஒரு மூலை கிடைத்தால் அதுவே பெரிது. அந்த மூலையில் ஒரே தண்ணீரில் மீனும் கீரையும் வளர்க்கும் முறைக்கு 'அக்வாபோனிக்ஸ்' என்று பெயர். மண் வேண்டாம், தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆனால் தொட்டி, பம்பு, மீன் குஞ்சு, தீவனம் என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அதில் முடங்கிக் கிடக்கிறது. இலை வெளுத்தவுடன் அவசரப்பட்டால் அவ்வளவும் நஷ்டம். எந்த இலை வெளுத்திருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

மீன் தரும் எரு

மீன் தீவனம் தின்கிறது. தின்றதில் பெரும்பகுதி கழிவாகி, அம்மோனியாவாகத் தண்ணீரில் சேர்கிறது. ஜல்லியில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் சுத்தமாகி மீனிடம் திரும்புகிறது.

புதிதாகத் தொட்டி வைத்தால் இந்த நுண்ணுயிர்கள் பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை செடி கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். அதற்காக மருந்து தேட வேண்டியதில்லை. தீவனத்தை அளவாகப் போட்டுக் காத்திருப்பதே வைத்தியம்.

நைட்ரேட் கிடைத்துவிட்டால் செடிக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. தீவனம் செய்கிறவர்கள் மீனுக்கு என்ன தேவை என்று பார்த்துத்தான் செய்கிறார்கள். கீரைக்கும் தக்காளிக்கும் என்ன தேவை என்பது அவர்கள் கணக்கில் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி என்ற விஞ்ஞானி 1980 வாக்கில் தொடங்கிப் பல ஆண்டுகள் இந்த முறையை ஆராய்ந்தார். நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு உள்ள தீவு அது. தீவனத்தின் மூலம் செடிக்குப் போதுமான அளவில் கிடைக்காத சத்துக்கள் மூன்று என்று அங்கே கண்டார்கள். இரும்பு, பொட்டாசியம், கால்சியம் ஆகியவையே அந்த மூன்று. மற்றவை பெரும்பாலும் மீனிடமிருந்தே கிடைத்துவிடுகின்றன.

பழைய இலையா, புது இலையா?

இலை வெளுத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

வீட்டில் சோறு குறைந்தால் தாய் தன் தட்டில் இருப்பதை எடுத்துப் பிள்ளைக்கு வைப்பாள். செடியும் அப்படித்தான். தழைச்சத்து, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை குறைந்தால், அடி இலையில் இருப்பதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. அதனால் அடி இலைதான் முதலில் வாடும். இரும்பையும் கால்சியத்தையும் அப்படி எடுத்துக் கொடுக்கச் செடியால் முடியாது. ஆகவே அவை குறைந்தால் கொழுந்துதான் முதலில் பாதிக்கப்படும்.

அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. மீன் குறைவாக இருக்கலாம். தீவனம் போதாமல் இருக்கலாம். நுண்ணுயிர் இன்னும் நிலைக்காமல் இருக்கலாம்.

அடி இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தது போல் பழுப்பானால் பொட்டாசியக் குறைவு. தக்காளி, மிளகாய், கத்தரி காய்க்கும் காலத்தில் இது அதிகம் தெரியும்.

அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறைவு.

அதே அடையாளம் கொழுந்தில் தெரிந்தால் இரும்புக் குறைவு. முற்றிவிட்டால் கொழுந்து வெள்ளைக் காகிதம் போல் ஆகிவிடும்.

கொழுந்து நுனி கருகிச் சுருண்டாலும், தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்து அழுகினாலும் கால்சியக் குறைவு.

இரும்பு இருந்தும் இல்லாத கதை

மாடித் தொட்டிகளில் அடிக்கடி வருவது இரும்புக் குறைவுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீரில் இரும்பு இருந்தாலும் செடிக்குக் கிடைப்பதில்லை. சரக்கு வண்டி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. ஆனால் வேகனைத் திறக்கச் சாவி இல்லை என்பது போன்ற நிலை.

அந்தச் சாவிதான் தண்ணீரின் கார, அமில நிலை. இதை 'பி.எச்.' என்று அளக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்கு மேலே போகப் போகக் காரம். காரம் ஏறினால் இரும்பு துருவாக மாறி அடியில் தங்கிவிடும். செடியின் வேரால் அதை எடுக்க முடியாது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள். வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் ஆவியாகும். ஆனால் அதில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும் ஆவியாவதில்லை. குறைந்த அளவுக்கு மறுபடி அதே தண்ணீரை ஊற்ற ஊற்ற, சுண்ணாம்பு சேர்ந்துகொண்டே போகும்.

ஜல்லியும் ஒரு காரணமாகலாம். ஒரு பிடி ஜல்லியைக் கழுவி அதன்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறது. அது இருக்கும்வரை காரம் இறங்காது. நுரைக்காத கருங்கல் ஜல்லியே நல்லது.

கடலைக்காரர்களைக் கேளுங்கள்

இந்த மஞ்சள் நோய் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. வேர்க்கடலை பயிரிடும் ராயலசீமை விவசாயிகளுக்கு இது பழக்கமான தொல்லை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலத்தில் கடலையின் கொழுந்து இதே போலத்தான் வெளுக்கும். அவர்கள் கையாளும் மருந்து அன்னபேதி. தமிழிலும் அதுதான் பெயர். தெலுங்கிலும் அதுதான் பெயர். கடையில் போய்க் கேட்கப் பாஷை தடையில்லை.

ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ அன்னபேதியும் 200 கிராம் எலுமிச்சை உப்பும் கரைத்துத் தெளிப்பது அவர்கள் வழக்கம். எலுமிச்சை உப்பு என்பது சிட்ரிக் அமிலம். அது சேர்ந்தால்தான் இரும்பு துருப்பிடிக்காமல் இலைக்குள் இறங்கும். வீட்டுக் கணக்கில் இது 1 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் எலுமிச்சை உப்பு.

இரும்பு உப்பை இலையில் தெளித்தால் பச்சை திரும்பும் என்று கண்டவர் யூசெப் கிரி என்ற பிரெஞ்சுக்காரர். 1843-44-ம் ஆண்டுகளில் அவர் இதை எழுதினார்.

தெளிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. அன்னபேதி இளம்பச்சை நிறத்தில் இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் கெட்டுவிட்டது; வாங்காதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு செடியில் தெளித்து, இலை கருகவில்லை என்று பார்த்துக்கொண்டு மற்றவற்றுக்குத் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. தெளித்த கீரையை உடனே பறிக்காமல், சில நாள் விட்டு நன்றாக அலசிச் சமையுங்கள்.

முக்கியமானது இதுதான். தெளிக்கும்போது மீன் தொட்டியைத் துணியாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடிவிட வேண்டும். அன்னபேதியைத் தொட்டியில் கொட்டவே கூடாது. காரத் தண்ணீரில் அது துருவாகி, மீன் மூச்சுவிடும் பிராணவாயுவையும் குறைத்துவிடும்.

தொட்டியில் போடும் இரும்பு

தண்ணீரிலேயே கலக்க வேண்டுமானால் அதற்கென்று தனி இரும்பு இருக்கிறது. இரும்பைத் துருப்பிடிக்கவிடாமல் ஒரு வேதிப்பொருள் நண்டுக் கிடுக்கி போலப் பிடித்துக்கொண்டிருக்கும். இதைக் 'கீலேட்' இரும்பு என்பார்கள். 1952-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆரஞ்சுத் தோட்டங்களில் மஞ்சள் நோய்க்கு இது கைகொடுத்தது. அன்று முதல் இதன் புகழ் பரவியது.

உரக்கடையில் இது பல வகையாகக் கிடைக்கும். பொட்டலத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5-க்கு மேல் அவ்வளவாக நிற்காது. டி.டி.பி.ஏ. வகை 7.5 வரை தாங்கும். ஈ.டி.டி.எச்.ஏ. வகை அதற்கும் மேலே தாங்கும். ஆனால் தண்ணீரைச் சிவப்பாக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

விர்ஜின் தீவில் கையாண்ட அளவு, 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கிராம் இரும்பு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. 500 லிட்டர் தண்ணீர் என்றால் 1 கிராம் இரும்பு. பொட்டலத்தில் இரும்பு 11 சதவீதம் என்று போட்டிருந்தால் சுமார் 9 கிராம் பொடி. 6 சதவீதம் என்றால் சுமார் 17 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். கைக்கு வந்த அளவு வேண்டாம், நிறுத்துப் போடுங்கள்.

மழைநீரே மருந்து

எத்தனை இரும்பு போட்டாலும் காரம் இறங்காவிட்டால் திரும்பத் திரும்பச் செலவுதான். செடி, மீன், நுண்ணுயிர் மூன்றுக்கும் ஒத்துப்போகும் பி.எச். 7-ஐ ஒட்டிய நிலை. மீன் கடைகளில் விற்கும் சோதனைத் தாளால் வாரம் ஒரு முறை பார்த்து எழுதி வையுங்கள்.

காரத்தைக் குறைக்க மழைநீர் நல்லது. தமிழ்நாட்டைப் போலவே இந்தப் பகுதிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உண்டு. அதைப் பிடித்து வைத்துக் கலந்தால் சுண்ணாம்பு மெல்லக் குறையும். ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல தண்ணீரையும் கலக்கலாம். ஆனால் அது வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் கூடாது. உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தொட்டியில் விடுவதும் பயன் தராது. அந்தப் புளிப்பு நிலைப்பதில்லை.

பி.எச்.சை ஒரே நாளில் இறக்கக்கூடாது. மீன் தாங்காது. சில நாட்களுக்குப் பரவலாகச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

தொட்டி பழகிய பிறகு நுண்ணுயிர்களின் வேலையால் தண்ணீர் தானாகவே புளிப்புப் பக்கம் போகும். பி.எச். 6.5-க்குக் கீழே இறங்கினால் அப்போது சுண்ணாம்பும் பொட்டாசியம் பைகார்பனேட்டும் மாற்றி மாற்றி, துளித் துளியாகச் சேர்க்கலாம். காரமும் சரியாகும், கால்சியமும் பொட்டாசியமும் கிடைக்கும். காரத் தண்ணீர் உள்ளவர்கள் இதைச் செய்யக்கூடாது. அவர்கள் பொட்டாசியத்துக்குப் பொட்டாசியம் சல்பேட்டும், மக்னீசியத்துக்கு எப்சம் உப்பும் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளித்தால் போதும். எப்சம் உப்புக்குப் பேதி உப்பு என்றும் பெயர். அன்னபேதி வேறு, பேதி உப்பு வேறு. கடையில் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள்!

செய்யக்கூடாதவை

யூரியாவும் டி.ஏ.பி.யும் வயலுக்கு உரம், மீனுக்கு நஞ்சு. இரண்டும் தண்ணீரில் அம்மோனியாவைப் பெருக்கும். அதிலும் பி.எச். 8 உள்ள காரத் தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சு, பி.எச். 7-ல் இருப்பதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. நம் ஊர்த் தண்ணீரில் யூரியா ஏன் இவ்வளவு சீக்கிரம் மீனைக் கொல்கிறது என்பதற்கு விடை இதுதான். மயில்துத்தம் கலந்த பூஞ்சண மருந்தும் மீனுக்கு ஆகாது.

கீரை வெளுத்துவிட்டதே என்று தீவனத்தை அள்ளிப் போடுவதும் தவறு. தின்னாத தீவனம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

மீன் சாப்பிடாத குடும்பங்களும் இதை விட்டுவிட வேண்டியதில்லை. தங்கமீன் வளர்க்கலாம். தொட்டியில் இருப்பது குழம்பு மீனா, அழகு மீனா என்று கீரை கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளத் திருப்பதியிலேயே எஸ்.வி. வேளாண்மைக் கல்லூரியும் மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மஞ்சள் இலை ஒன்றையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் கையோடு எடுத்துச் சென்றால் பேச்சு சுலபமாகும்.

கடைசியாக ஒன்று. மஞ்சளான இலை மருந்து போட்டாலும் முழுதாகப் பச்சையாகாமல் போகலாம். அதைப் பார்த்து மனம் தளரக்கூடாது. அடுத்து வரும் கொழுந்தைப் பாருங்கள். அது பச்சையாக வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆகவே நாளைக் காலை மாடியில் இலை மஞ்சளாகத் தெரிந்தால், யூரியா டப்பாவைத் தேடிப் போக வேண்டாம். குனிந்து பாருங்கள். அடி இலையா, கொழுந்தா? அதைத் தெரிந்துகொண்டால் மீனும் பிழைக்கும், கீரையும் பிழைக்கும்.