பால்மரத் துளியும் நுண்துகள் மருந்தும்

ஈப்போவைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களிற் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. எனினும், விடியுமுன் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்துச் சுமந்தவர்கள் அங்கே இன்னும் வாழ்கின்றனர். மருத்துவ உலகில் பேசப்படும் நானோ நுட்பத்தை விளக்க, அவர்கள் கையாண்ட பாலே தக்க உவமையாகும்.

ரப்பர்ப் பாலில் ரப்பர் கரைந்திருப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய உறை மூடியுள்ளது. அவ்வுறையின் எதிர் மின்னேற்றத்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலம் ஊற்றினால் அம்மின்னேற்றம் நீங்கும். துகள்கள் கூடிப் பால் உறையும்.

மருத்துவ அறிஞர்கள் செய்யும் கொழுப்பு நுண்துகளும் இத்தன்மையதே. 1 நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் 10 இலட்சத்தில் ஒரு பங்கு. இத்துகளோ சுமார் 100 நானோமீட்டர் அளவினது. அதனுள் எம்.ஆர்.என்.ஏ. என்னும் செய்தி இழை பொதியப்பட்டிருக்கும். உறையின்றிச் செலுத்தினால் உடலின் நொதிகள் இழையை விரைவில் சிதைத்துவிடும். உறையோடு சென்றால் உயிரணு துகளை ஒரு சிறு பைக்குள் ஏற்கிறது. அப்பையிலுள்ள அமிலத்தன்மையால் உறைக் கொழுப்பு நேர் மின்னேற்றம் பெற்றுப் பையைக் கிழிக்க, செய்தி வெளிப்படுகிறது. அதைப் படித்து உயிரணு, கிருமியின் புரதம் ஒன்றை மட்டும் செய்கிறது. அதனைக் கண்டு உடலின் காவற்படை பயிற்சி பெறுகிறது. 2021-இல் மலேசியர் பலர் போட்டுக்கொண்ட பைசர் ஊசி இவ்வகையினதே.

இதன் அருமையைப் பேராக் மாநிலம் நன்குணரும். 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோரிடையே மூளைக் காய்ச்சல் தோன்றியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதிக் கொசுப்புகை அடித்தனர். அந்நோய்க்குரிய தடுப்பூசியும் போட்டனர். நோய் அடங்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் அது தாவியிருந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. 2018-இல் கேரளத்துக் கோழிக்கோட்டிலும் இந்நோய் உயிர்களைப் பறித்தது.

தவறான நோய்க்குப் போட்ட ஊசி பயனற்றது. நுண்துகள் முறையின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது: உறை அதுவே இருக்க, செய்தியை மட்டும் மாற்றலாம். 2020 ஜனவரியில் கொரோனாக் கிருமியின் மரபு வரிசை வெளியான சில நாள்களிலேயே அதற்கான செய்தி இழை வடிவமைக்கப்பட்டது. நிப்பாவுக்கான இத்தகைய ஊசியை 2022 ஜூலையில் அமெரிக்காவில் மனிதரிடம் சோதிக்கத் தொடங்கினர்.

ஆயினும் தடைகள் உள. இவ்வூசிகளைக் கடுங்குளிரில் வைத்துக் காக்க வேண்டும். நிப்பாவோ எப்போதோ தோன்றிச் சிலரைத் தாக்கி மறைவதால், ஊசி நோயைத் தடுக்கிறது என்று மெய்ப்பிப்பது எளிதன்று. இதுவரை உரிமம் பெற்ற நிப்பாத் தடுப்பூசி எதுவுமில்லை.

துகள் எவ்வளவு நுண்ணியதாயினும், அதனுள் வைக்கும் செய்தி சரியாயிருத்தல் வேண்டும். அதற்கு நோயை முதலில் சரியாக இனங்காணல் வேண்டும். மலேசியாவில் 105 உயிர்களின் பின்னணியில் கற்ற பாடம் இதுவே.