உஷார்! 12.6 காட்டும் பேட்டரியை நம்பாதீர்கள்

ஓவேலிக்காரர்களே, தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையும் தோட்டத்து சோலார் வேலி பேட்டரியையும் சோதித்துவிடுங்கள். மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று மூடிவைத்துவிடுகிறோம். ஆபத்தே அங்கேதான். சும்மா இருக்கும்போது பழுதான பேட்டரியும் 12.6 காட்டும். லோடு கொடுத்தால்தான் சாயம் வெளுக்கும்.

பேட்டரிக்குள்ளேயே ஒரு மின்தடை உண்டு. ஈயத் தகட்டில் சல்பேட் படியப் படிய அது ஏறும். 100 மில்லிஓம் ஆகிவிட்டால், 10 ஆம்பியர் இழுத்ததுமே ஒரு வோல்ட் உள்ளேயே தொலைந்துபோகும். அரைகுறை சார்ஜில் கிடக்கும் பேட்டரியில்தான் சல்பேட் கெட்டியாகப் படிகிறது. நாள்கணக்கில் மேகம் மூடிக்கிடக்கும் நம் மழைக்காலத்தில் சோலார் பேட்டரிக்கு வேறு என்ன கதி?

யானையைத் தடுக்கும் வேலி நடுராத்திரியில் செத்தால் யாருக்குத் தெரியும்? பல உயிர்களைப் பறித்த ராதாகிருஷ்ணன் யானையை 2025 செப்டம்பரில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்காக பார்வுட், எல்லமலை, ஆரோட்டுப்பாறையை ஒட்டிய காடு காலியாகிவிடவில்லை.

சோதிப்பது சுலபம். முழுச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு வோல்ட்டைக் குறியுங்கள். பிறகு 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டி, பத்து விநாடி கழித்து டெர்மினலிலேயே மறுபடி பாருங்கள். பல்பு ஏறக்குறைய 4.5 ஆம்பியர் இழுக்கும். எத்தனை வோல்ட் குறைந்ததோ, அதை இந்த ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. 12.6 என்பது 12.1 ஆனால் 111 மில்லிஓம். பெரிய இன்வெர்ட்டர் பேட்டரியில் இப்படி வந்தால் அதை ஒரு ராத்திரிகூட நம்பக்கூடாது. நல்ல பெரிய பேட்டரியில் சில மில்லிஓம்தான் இருக்கும், இந்தச் சின்ன பல்புக்கு வோல்ட் அசைவதே தெரியாது. துல்லியம் வேண்டுமென்றால் பேட்டரி கடையில் மில்லிஓம் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மட்டும் பேட்டரியைத் தொடாதீர்கள், மீட்டரே போய்விடும். சார்ஜ் ஏறும்போது வாயு கிளம்பும். அப்போது பல்பை மாட்டிப் பொறி பறக்க விடாதீர்கள்.

குளிரில் மின்தடை கூடுதலாகவே காட்டும். அதனால் எப்போதும் ஒரே நேரத்தில், உச்சிவெயிலில் அளந்து, தேதியோடு பேட்டரி மேலேயே எழுதிவையுங்கள். புதிதில் இருந்ததைவிட ஒன்றரை மடங்கு ஆகிவிட்டதா, மாற்றிவிடுங்கள்.

கையில் காசில்லையே என்று வீட்டுக் கரண்டை வேலியில் கொடுத்துவிடாதீர்கள், ஐயா! யானையும் சாகும், விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போகிற அக்காவும் சாவார். ஜெயிலுக்கும் போகவேண்டி வரும். பேட்டரி வாங்கும்வரை வேலி செத்துக் கிடக்கிறது என்று பக்கத்து லைன் வீடுகளுக்கும் வனத்துறைக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.