கதவைத் தட்டாமல் வரும் திருட்டு

ஜப்பானின் ‘கோபான்’ முறையைப் பின்பற்றி 1983இல் சிங்கப்பூரின் தோ பாயோவில் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடி திறக்கப்பட்டபோது, குற்றத்துக்கு ஓர் இடம் இருந்தது. மின்தூக்கி, படிக்கட்டு, தாழ்வாரம் என்று அதைச் சுட்டிக்காட்ட முடிந்தது. இன்று ஜூரோங்கின் வீவக வீடுகளில் கதவையும் இரும்புக் கிராதியையும் பூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவரின் கைப்பேசிக்குள்ளேயே குற்றம் வந்துவிடுகிறது. 2024இல் சிங்கப்பூர் முழுவதும் திருட்டு, மானபங்கம் உள்ளிட்ட நேரடிக் குற்றங்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20,000. மோசடிச் சம்பவங்கள் மட்டும் 51,501. பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளி. இவற்றில் 82 விழுக்காட்டுச் சம்பவங்களில் பணத்தை அனுப்பியவர் பறிகொடுத்தவரேதான். யாரும் பூட்டை உடைக்கவில்லை, கடவுச்சொல்லைத் திருடவில்லை. கணக்குக்கு உரியவரே அனுப்பும் பணத்தை வங்கி எந்த உரிமையில் தடுக்கும்?

அந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த மோசடிப் பாதுகாப்புச் சட்டம். குடும்பத்தார் சொல்லியும் வங்கி சொல்லியும் கேளாத ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப்போகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவர் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதை 30 நாள் நிறுத்திவைக்கக் காவல்துறை வங்கிகளுக்கு உத்தரவிடலாம். தேவைப்பட்டால் ஐந்து முறை வரை நீட்டிக்கலாம். வீட்டுச் செலவுக்கும் பில் கட்டவும் அனுமதி பெற்றுப் பணம் எடுக்கலாம்.

“என் பணம், என் விருப்பம், போலிஸுக்கு என்ன வேலை?” என்ற கேள்வியை அலட்சியமாக ஒதுக்க முடியாது. ஆனால் ஏமாற்றிப் பெறும் சம்மதம் சம்மதமே அல்ல என்பது சட்டத்தின் பழைய கோட்பாடு. போலி அதிகாரியின் மிரட்டலுக்குப் பயந்து நடுங்குபவர் சுதந்திரமாக முடிவெடுப்பதாகச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பாதிப்பும் அவரோடு நிற்பதில்லை. வேலை என்று நம்பிப் போனவர்களை அடைத்துவைத்து மோசடி செய்யவைக்கும் முகாம்கள் இத்தகைய பணத்தில்தான் நடக்கின்றன. 2022இல் மியன்மாரின் மியாவடியில் சிக்கி மீண்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள்.

மற்றோர் ஆட்சேபத்தில் நியாயம் அதிகம். ஏமாந்தவரைக் கட்டிப்போட்டுவிட்டு, வலைவிரிக்க இடம்கொடுத்த நிறுவனங்களை விட்டுவிடலாமா? வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் இழப்பை ஏற்கச் செய்யும் பொறுப்புப் பகிர்வு விதிமுறை 2024 டிசம்பரில் வந்தது. ஆனால் அது போலி இணையத்தளங்களால் நேரும் இழப்புக்கு மட்டுமே பொருந்தும், சமூக ஊடகங்களைத் தொடுவதில்லை. அரசாங்க அதிகாரிகளின் பெயரில் வரும் போலி விளம்பரங்களையும் கணக்குகளையும் கட்டுப்படுத்துமாறு மெட்டா நிறுவனத்துக்கு 2025 செப்டம்பரில்தான் உத்தரவு போனது. தாமதமானாலும் சரியான திசை அது. இன்னும் கடுமை வேண்டும். மோசடிப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஒரு குறை உண்டு. கணக்கை முடக்கியதற்கு எதிரான மேல்முறையீடு காவல்துறை ஆணையரிடமே போகிறது, அவர் முடிவே இறுதி. உத்தரவிட்ட துறைக்கு வெளியே உள்ள ஒருவர் அதைப் பரிசீலிப்பதே முறை.

2025இன் முதல் ஆறு மாதங்களில் இழப்பு ஏறத்தாழ 456 மில்லியன் வெள்ளியாகக் குறைந்தது. புதிய சட்டம் நடப்புக்கு வருவதற்கு முந்தைய கணக்கு அது. விழிப்புணர்வும் வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே உங்கள் வீட்டில் அப்பாவோ அத்தையோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ நெடுநேரம் மெல்லிய குரலில் பேசினால், கோபப்படாமல் அருகில் போய் உட்காருங்கள். சந்தேகம் எழுந்தால் மோசடி குறித்த உதவி எண்ணான 1799ஐ அழையுங்கள். எந்த நேரத்திலும் அழைக்கலாம்.