மின்கம்பிக் குழாய்களும் தீத்தடுப்புச் சோதனையும்

மின்சாரக் கம்பி செல்லும் வழியே தீயும் செல்லக்கூடும் என்பதை ஆலைகளில் பணிபுரிவோர் நன்கறிவர். எனினும், அவ்வழியை அடைத்து நிற்கும் பொருள் உண்மையிலேயே தீயைத் தாங்குமா எனக் கேட்போர் மிகச் சிலரே. இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்தது, தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றைக் காணச் சென்றபோதுதான்.

அந்த ஆலையின் சுவிட்ச் அறைக்கும், நாரும் ஓடும் குவிந்து கிடக்கும் கொதிகலன் பகுதிக்கும் இடையே செங்கற்சுவர் ஒன்று உண்டு. அச்சுவரை ஊடுருவி ஏழெட்டு மின்கம்பிக் குழாய்கள் செல்கின்றன. குழாய்களைச் சுற்றிச் செந்நிறப் பசை பூசி நேர்த்தியாக அடைத்திருந்தனர். ஆனால், ஒரு மூலையில், பின்னாளில் பொருத்திய பம்பு ஒன்றுக்காகப் புதிய துளையிட்டுக் கேபிளைச் செலுத்தி, எஞ்சிய இடைவெளியில் பழைய கோணிச் சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தனர். "எலி வராமலிருக்க அடைத்தோம், சார்" என்றார் உடன் வந்த வயர்மேன். எலி வராது, அது உண்மைதான். ஆனால் அச்சுவரை அங்கே எழுப்பியது எலிக்காக அன்று.

தீப்பாதுகாப்பில் இருவகை உண்டு. மணி அடிப்பதும் நீர் தெளிப்பதும் பம்பு இயங்குவதும் ஒருவகை. இவை தீயைக் கண்டபின் செயற்படத் தொடங்குபவை. சுவர், கதவு, துளையடைப்பு, குழாயின்மேல் சுற்றப்படும் உறை ஆகியன மற்றொரு வகை. இவற்றுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. பொத்தானை அழுத்த ஆளும் வேண்டியதில்லை. நின்ற இடத்தில் நின்றே காக்கும். ஆயினும் இவ்வகையில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. மணியை வாரந்தோறும் அடித்துப் பார்க்கலாம். பம்பை அவ்வப்போது ஓட்டிப் பார்க்கலாம். துளையடைப்பை எரித்துப் பார்க்க இயலுமா? எரித்துப் பார்த்தபின் அது இராது. ஆகவே, அதைப் போன்றே மற்றொன்றைச் செய்து, சோதனை உலையில் வைத்து எரித்து, அம்முடிவை நம்பியே நாம் இருக்கவேண்டியுள்ளது. 'அதைப் போன்றே' என்ற சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்வரும் நிகழ்ச்சிகள் காட்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டென்னசி ஆற்றங்கரையில், பிரவுன்ஸ் ஃபெரி என்னும் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே, கேபிள்களைப் பிரித்தனுப்பும் அறை ஒன்று உள்ளது. அங்கிருந்து கேபிள்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு அணு உலைக் கட்டடத்துக்குச் செல்கின்றன. உலைக் கட்டடத்தின் காற்றழுத்தம் எப்பொழுதும் சற்றுக் குறைவாகவே வைக்கப்படும். உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாதிருக்கவேண்டும் என்பது நோக்கம். 1975 மார்ச் 22ஆம் நாள், சுவர்த் துளைகளில் காற்றுக் கசிகிறதா எனத் தொழிலாளர்கள் மெழுகுவர்த்தியைக் கொளுத்திப் பார்த்துக்கொண்டிருந்தனர். சுடர் சாய்ந்தால் கசிவு உண்டு என்று பொருள். ஏறத்தாழ 2 அங்குல உயரமும் 4 அங்குல அகலமும் உள்ள ஓர் இடைவெளியில் கசிவைக் கண்டு, பாலியூரித்தேன் நுரைத் துண்டுகளைத் திணித்து, மீண்டும் சுடரை அருகே கொண்டுசென்றனர். காற்று சுடரை உள்ளே இழுத்தது. நுரை பற்றிக்கொண்டது. நம் வயர்மேன் எலிக்காகச் செய்ததை அவர்கள் காற்றுக்காகச் செய்தனர் என்றே சொல்லவேண்டும்.

கைவிளக்கால் அடித்தும், துணியைத் திணித்தும், தீயணைப்பான்களைப் பயன்படுத்தியும் தீ அடங்கவில்லை. அது சுவரின் மறுபக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. மின்கம்பிகள் மீது நீரைப் பாய்ச்சுவதா என்று அஞ்சி, மாலைவரை நீரைப் பயன்படுத்தாதிருந்தனர். இறுதியில் நீரைப் பாய்ச்சியதும் சிறிது நேரத்திலேயே தீ அணைந்தது. அதற்குள் ஏறத்தாழ ஏழு மணி நேரம் கடந்துவிட்டது. 117 மின்கம்பிக் குழாய்களிலும் 26 கேபிள் தட்டுகளிலும் சென்ற 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமுற்றன. அணு உலையைக் குளிர்விக்கும் நெருக்கடிநிலைக் கருவிகள் பலவற்றின் கட்டுப்பாடு கைவிட்டுப் போயிற்று. பணியாளர்கள் வேறு பம்புகளைக் கொண்டு உலையைக் காத்தனர். உயிரிழப்பு நேரவில்லை.

இதன் விளைவாக அந்நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1980இல் புதிய விதிகளை வகுத்தது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என இரண்டு கேபிள் தொகுதிகள் ஒரே தீயில் அழியாதிருக்கவேண்டும். அதற்காக அவற்றுள் ஒன்றை மூன்று மணி நேரம் தாங்கும் தடுப்பினுள் வைக்கவேண்டும், அல்லது தீயறிவிப்பும் தானியங்கு அணைப்பும் உள்ள இடமாயின் ஒரு மணி நேரம் தாங்கும் தடுப்பினுள் வைக்கவேண்டும் என்பது அவ்விதிகளில் ஒரு பகுதி. அதன்பின், குழாய்களையும் தட்டுகளையும் சுற்றிக் கட்டும் தீக்காப்பு உறைகளுக்குப் பெரும் தேவை ஏற்பட்டது.

உறை ஒரு மணி நேரம் தாங்கும் என்பதை எவ்வாறு அறிவது? சோதனை உலையின் முறையைச் சிறிது காண்போம். உலையின் ஒரு பக்கத்தைச் சுவர் ஒன்றினால் மூடி, ஆலையில் உள்ளவாறே அதில் துளையிட்டு, குழாயும் கேபிளும் செலுத்தி, அடைப்பும் இட்டு, உலையைப் பற்றவைக்கின்றனர். தீ மனம்போனபடி எரிவதில்லை; ஒரு கால அட்டவணைப்படி எரிகிறது. ஐ.எஸ்.ஓ. 834 என்னும் தரமுறையின்படி உலையின் வெப்பம் ஐந்தாம் நிமிடத்தில் 576 பாகை செல்சியசும், அரை மணியில் 842 பாகையும், ஒரு மணியில் 945 பாகையும், இரண்டு மணியில் 1,049 பாகையும் ஆகவேண்டும். அலுமினியம் 660 பாகையில் உருகும். எனவே முதல் பத்து நிமிடங்களுக்குள்ளேயே அந்த அளவு கடந்துவிடுகிறது.

சுவரின் மறுபக்கத்தில் நிற்போர், தீச்சுடர் வெளிப்படுகிறதா என்று பார்ப்பர். பிளவு கண்ட இடத்தில் பஞ்சுத் திண்டைப் பிடித்து, அது பற்றிக்கொள்கிறதா என்று பார்ப்பர். வெப்பமுணர் கம்பிகளைக் கொண்டு, எந்த ஓரிடத்திலும் வெப்பம் தொடக்க நிலையைவிட 180 பாகைக்கு மேல் ஏறுகிறதா என்றும் அளப்பர். அமெரிக்க முறையில், தீக்குப்பின் அடைப்பின்மீது குழாய்நீரைப் பீய்ச்சியும் பார்ப்பர். எரிந்து நொய்ந்த அடைப்பு நீரின் அடியில் பெயர்ந்து விழுந்தால் அது தேறவில்லை. உலையினுள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று மிகுதியாக இருப்பதும் முக்கியம். அழுத்தம் குறைவாயிருந்தால் குளிர்ந்த காற்று துளை வழியே உள்ளே புகுந்து, ஓட்டையுள்ள அடைப்பையும் நல்ல அடைப்பாகக் காட்டிவிடும்.

குழாய்களுக்கென்று சில குணங்கள் உள்ளன. எஃகுக் குழாய் எரியாது. ஆனால் வெப்பத்தை மறுபக்கத்துக்குக் கடத்தும். பிளாஸ்டிக் குழாய் உருகி, தான் இருந்த இடத்தைத் துளையாக்கிவிட்டுப் போகும். அதனால் அதனைச் சுற்றி, சூடேறும்போது உப்பிப் பெருத்துத் துளையை நெரித்து மூடும் வளையத்தைப் பொருத்துகின்றனர். மேலும், குழாயின் வெளிப்புறத்தை எவ்வளவு திறமாக அடைத்தாலும், உட்புறம் வெற்றிடமாகவே இருக்கும். அது புகைபோக்கியைப் போன்றது. ஓர் அறையின் புகை அதன்வழியே அடுத்த அறைக்குச் செல்லும். வெளியே பூசுவோர் பலரும் உள்ளே அடைக்க மறப்பது நாம் கண்டதுண்டு.

இனி, அந்த உறைகளின் கதைக்கு வருவோம். தெர்மோ-லாக் 330 என்னும் பொருள் அமெரிக்காவின் அணுமின் நிலையங்கள் பலவற்றில் பயன்படுத்தப்பட்டது. ஒரு மணி, மூன்று மணி என அதற்குத் தகுதியும் கூறப்பட்டிருந்தது. ஆனால் 1992இல் டெக்சஸ் மாநிலத்து நிலையம் ஒன்றுக்காக அதனை முழு அளவில் செய்து உலையில் இட்டபோது, அகன்ற கேபிள் தட்டுகளையும் சிறிய குழாய்களையும் அது காக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் திங்களில் ஆணையம் எல்லா நிலையங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பிற்று. முந்தைய சோதனை ஆவணங்களை ஆணைய அதிகாரிகள் போதிய அளவு ஆராயாமல் ஏற்றுக்கொண்டனர் என்று ஆணையத்தின் தலைமைக் கண்காணிப்பாளரும் குறைகூறினார்.

சிறிய குழாய் ஏன் தோற்றது? சிறு கிண்ணத்து நீர் விரைவில் கொதிக்கும். அண்டா நீர் நெடுநேரம் தாங்கும். ஐந்து அங்குலக் குழாயின் இரும்பும், அதனுள் நிறைந்த செம்பும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு நேரத்தை நீட்டிக்கும். முக்கால் அங்குலக் குழாய்க்கு அந்த வலிமை இல்லை. அவ்வாறிருக்க, கேபிள் நிறைந்த பெரிய குழாயைச் சோதித்துவிட்டு, எல்லாக் குழாய்க்கும் சேர்த்து ஒரு மணி என்று எழுதுவது, எளிய வினாவைக் கேட்டு மாணவனுக்கு முழுப்புள்ளி வழங்குவதற்கு ஒப்பாகும். ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு இது நன்கு தெரியும். 1994இல் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டியில் இக்குறைக்கு மாற்றுக் காணப்பட்டது. கேபிள் இல்லாத வெறும் குழாயினுள் வெற்றுச் செம்புக் கம்பி ஒன்றைச் செலுத்தி, அதன் நீளத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக வெப்பமுணர் கம்பிகளை இணைத்து அளக்கலாயினர். வெப்பத்தை விழுங்கக் கேபிள் இல்லாதபோது தாங்கும் உறை, கேபிள் இருக்கும்போதும் தாங்கும்.

2005இல் ஹெமிக் என்னும் மற்றோர் உறையும் ஆணையத்தின் சோதனையில் தவறியது. உள்ளே வைத்த பஞ்சு போன்ற பொருள் அன்று, மேலே போர்த்திய துணிதான் வெப்பத்தில் சுருங்கி, இணைப்புகளைத் திறந்துவிட்டது. பொருள் நல்லதாயிருந்தும் தையல் விட்டுப்போன சட்டையைப் போல் ஆயிற்று.

உறையினால் வரும் மற்றொரு தொல்லையையும் சொல்லவேண்டும். வெளிவெப்பத்தை உள்ளே விடாத உறை, கேபிளின் உள்வெப்பத்தையும் வெளியே விடாது. பி.வி.சி. உறையிட்ட கம்பி 70 பாகைக்கு மேல் நெடுநாள் தாங்காது. எனவே, குழாயை உறையால் சுற்றும்போது அக்கேபிளில் செல்லத்தகும் மின்னோட்டத்தைக் குறைத்துக் கணக்கிடவேண்டும். தீ வருமுன் காப்பதற்காகக் கட்டிய உறையே கேபிளைப் பாழாக்கிவிடக் கூடாதல்லவா? தீயணைப்புப் பம்பு போன்ற இன்றியமையாத கருவிகளுக்கு, செம்புக் குழலினுள் மெக்னீசியம் ஆக்சைடுத் தூளை அடைத்துச் செய்த கேபிளைப் பயன்படுத்தி, உறையே இல்லாமல் செய்துகொள்வோரும் உளர்.

அணுமின் நிலையம் வேறு, எண்ணெய் ஆலை வேறு என்பது உண்மையே. ஆயினும் சுவரும் துளையும் கேபிளும் எங்கும் ஒன்றே. நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகளும், தீயைத் தடுக்கும் சுவரில் இடப்படும் திறப்புகள் காப்புப் பெறவேண்டும் என்கின்றன. தீச்சோதனை செய்யும் வசதி சிரிம் நிறுவனத்தில் உண்டு. ஆகவே, பசையோ உறையோ வாங்கும் ஆலையினர், அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், எந்தச் சுவரில், எந்த அளவுத் துளையில், எக்குழாயோடு அது சோதிக்கப்பட்டது என்றும் கேட்கலாம். அவ்விவரம் சோதனை அறிக்கையில் இருக்கும். புட்டியின் மேல் அச்சிட்ட மணிக்கணக்கில் இராது.

சில வாரங்களுக்குப்பின் அதே ஆலைக்கு மீண்டும் சென்றோம். கோணிச் சாக்கு இல்லை; அவ்விடத்தில் செந்நிறப் பசை பூசப்பட்டிருந்தது. சார்ஜ்மேனிடம் சோதனை அறிக்கையைக் கேட்டோம். அலுவலகத்திலிருந்து தேடிக் கொண்டுவந்தார். இருவருமாக அதைப் படித்துப் பார்த்தோம். கேபிளைச் சுற்றிய இடைவெளி 25 மில்லிமீட்டர் வரையில்தான் அந்தப் பசை சோதிக்கப்பட்டிருந்தது. சுவரிலோ இடைவெளி அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது. அவர் அளவுநாடாவை மடித்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். "பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, முதலில் சிமெண்டுச் சாந்தினால் துளையைச் சிறிதாக்கவேண்டும், சார். ஞாயிறன்று ஆலை நிற்கும்போது செய்துவிடுகிறோம்" என்று கூறி, கையிலிருந்த ஏட்டில் குறித்துக்கொண்டார்.