தண்ணீர் இல்லாத நாளிலும் பயிருக்குச் சேதி சொல்லலாம், தெரியுமா?

மழை ஏமாற்றிவிட்டது. மோட்டார் பத்து நிமிடம் ஓடினாலே கிணறு வற்றிக் காற்றை இழுக்கிறது. மதிய வெயிலில் மானாவாரி உளுந்து தலைதொங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் அதற்குள்ளே நடக்கும் போராட்டத்தையும், இலைமேல் விழும் சில துளி வளர்ச்சி ஊக்கி அதற்குக் கைகொடுக்கும் விதத்தையும் கேட்டால் அசந்துபோவீர்கள்!

குடிப்பது எவ்வளவு, தங்குவது எவ்வளவு?

வேர் உறிஞ்சும் 100 லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 97 லிட்டர் ஆவியாகப் பறந்துவிடுகிறது! வாசல், கண்ணுக்கே தெரியாத இலைத்துளைகள். ஒவ்வொரு துளைக்கும் இரட்டைக் கதவுபோல இரண்டு காப்புச் செல்கள். நீரால் அவை புடைத்தால் வாசல் திறக்கும், தளர்ந்தால் மூடிக்கொள்ளும்!

கதவைச் சாத்தச் சொல்வது யார்?

அப்சிசிக் அமிலம்! பருத்திக் காய் ஏன் உதிர்கிறது என்று 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தேடியவர்களின் கையில் சிக்கிய ஹார்மோன் இது. மண் காயக் காய இலையில் இதன் அளவு 50 மடங்கு வரைகூட எகிறும். காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, அதன் பின்னாலேயே தண்ணீரும் வெளியேற, கதவு சாத்திக்கொள்ளும்! ஆனால் அதே வாசல் வழியாகத்தான் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வர வேண்டும். திறந்து வைத்தால் தாகம், சாத்திவிட்டால் பட்டினி. பயிரின் சங்கடம் புரிகிறதா?

227 கிலோ மகரந்தத்தில் கிடைத்தது எவ்வளவு?

கடுகு குடும்பத்து ரேப் செடியிலிருந்து தேனீக்கள் திரட்டிய 227 கிலோ மகரந்தத்தை அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் வடித்தெடுத்தார்கள். கிடைத்தது வெறும் 4 மில்லிகிராம் பிராசினோலைடு என்ற வளர்ச்சி ஹார்மோன்! 1979இல் அதன் மூலக்கூறு அமைப்பு வெளியானது. வறட்சியில் இலையின் பச்சையத்தைக் காத்து, உணவுத் தயாரிப்பு நின்றுபோகாமல் தாங்கிப் பிடிப்பது இதன் வேலை. தெளிக்க லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் போதும். அந்தக் கணக்கில் 227 கிலோ மகரந்தமும் நான்கே நான்கு 10 லிட்டர் டேங்குக்குத்தான் வரும்! இன்று இதை ஆலையிலேயே தயாரிக்கிறார்கள் என்பது நம் அதிர்ஷ்டம்.

வளர்ச்சியைத் தடுத்தே பயிரைக் காக்கலாமா?

காக்கலாம்! ஜப்பானில் நெல் நாற்றுகள் ஒரு பூஞ்சையால் அளவுக்கு மீறி நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்தன. 1926இல் குரோசாவா என்ற விஞ்ஞானி அதற்குக் காரணம் பூஞ்சையின் சுரப்பு என்று காட்டினார். அதுவே ஜிப்ரலின். செடிக்குள்ளும் அந்த ஜிப்ரலின் உருவாவதைத் தடுப்பதுதான் சைகோசெல் என்ற மருந்து! லிட்டருக்கு 1 மில்லி கலந்து தெளித்தால் செடி உயரத்துக்குச் செலவழிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. வரவு குறைந்த வீட்டில் செலவைச் சுருக்குவது போலத்தான்!

இலையில் குடியிருக்கும் இளஞ்சிவப்பு நண்பனைத் தெரியுமா?

வளரும் இலை மெத்தனாலை வெளிவிடுகிறது. அதையே உணவாக உண்டு இலைமேல் வாழ்கிறது மெத்திலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்பு பாக்டீரியா. வாடகையாக சைட்டோகைனின், ஆக்சின் ஹார்மோன்களைச் சுரந்து தருகிறது! கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைத்தான் பிபிஎஃப்எம் என்ற பெயரில் வறட்சிக்குப் பரிந்துரைக்கிறது. ஏக்கருக்கு 200 மில்லி போதும்!

வறண்ட மாவட்டத்தின் கடலிலேயே மருந்து!

தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன ராமநாதபுரத்தின் கடலில், மூங்கில் மிதவைகளில் மீனவப் பெண்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியைப் பிழிந்தால் வரும் சாற்றில் சைட்டோகைனின், ஆக்சின், ஜிப்ரலின் மூன்றும் இருக்கின்றன! அந்தச் சாறு வயலுக்கு இலைவழித் தெளிப்பாகப் போகிறது.

பூஞ்சைக்கொல்லி வறட்சி மருந்தாகுமா?

ஆனது! 2015இல் கலிபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அப்சிசிக் அமிலத்தை உணரும் புரதத்தை மாற்றியமைத்தார்கள். அப்படி மாற்றிய தக்காளிச் செடியில் மான்டிப்ரோபமிட் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளித்ததும் இலைத்துளைகள் மூடிக்கொண்டன! 2019இல் அதே ஆய்வகத்தார் அப்சிசிக் அமிலத்தைவிட வலிமையான ஓபாபாக்டின் என்ற வேதிப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு மரபணு மாற்றமே தேவையில்லை!

எல்லாவற்றையும்விட முக்கியமானது எது தெரியுமா?

நேரம்! இலை சருகான பின் எதைத் தெளித்தும் பயனில்லை. மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே, பூக்கும் தருணத்திலும் காய் பிடிக்கும் தருணத்திலும், காலையிலோ மாலையிலோ வெயில் தணிந்த வேளையில் தெளிக்க வேண்டும். அளவு கூடினால் ஊக்கியே பயிருக்குப் பகையாகிவிடும். எந்தத் தெளிப்பும் மழைக்கு ஈடாகாது. சில நாள் தவணைதான் வாங்கித் தரும். அந்தச் சில நாளில் ஒரு மழை விழுந்து, உளுந்தில் பூ உதிராமல் நின்றுவிட்டால், அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய அதிசயம் வேறென்ன வேண்டும்!