பாதாளேசுவரமும் கார்லாவும்

பிழைப்பை நாடிப் புனே நகரம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, இரண்டு மூன்று தலைமுறை கடந்த பின்னரும், சிற்பம் என்றால் மாமல்லபுரத்தையும் கோயில் என்றால் தஞ்சையையும் மதுரையையுமே நினைக்கின்றன. விடுமுறை கிடைத்ததும் நாம் தெற்கே செல்லும் ரயிலில் ஏறிவிடுகிறோம். ஆனால் நாம் அன்றாடம் கடந்து செல்லும் ஜங்கலி மகாராஜ் சாலையின் ஓரத்திலேயே, ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமையுடைய குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. அதுவே பாதாளேசுவரம்.

பெயருக்கு ஏற்றவாறு இக்கோயில் தரைமட்டத்திற்குக் கீழே அமைந்திருக்கிறது. மலைச்சரிவைக் குடைந்து உள்ளே சென்ற கோயிலன்று இது. சமதரையாகக் கிடந்த பாறையை மேலிருந்து கீழாக வெட்டி முதலில் முற்றத்தை அமைத்தனர். பிறகு பக்கவாட்டில் குடைந்து மண்டபத்தையும் கருவறைகளையும் உண்டாக்கினர். முற்றத்தின் நடுவே விடப்பட்ட பாறைத்திட்டு, வட்ட வடிவமான நந்தி மண்டபமாயிற்று. குடை கவிழ்த்தாற்போன்ற அதன் கூரையும் தாங்கும் தூண்களும் ஒரே கல். கட்டடம் எழுப்புவோர் கல்லைக் கொண்டுவந்து சேர்ப்பர். குடைவரைச் சிற்பியோ வேண்டாத கல்லை நீக்கிக்கொண்டே வருவான். ஒருமுறை வெட்டிய கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. ஆகவே, முதல் உளி விழுமுன்னரே முழுக் கோயிலும் அவன் உள்ளத்தில் உருப்பெற்றிருத்தல் வேண்டும்.

இது 8ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூடர் காலத்தில் உண்டானது என்பது அறிஞர் கருத்து. பணி முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. எல்லோராச் சிற்பங்களை எதிர்பார்த்து வருவோர் இங்குள்ள வெறுஞ் சுவர்களைக் கண்டு ஏமாற்றம் அடையலாம். ஆயினும் முடிந்த கோயில் மறைத்துவிடும் வேலைமுறையை, முடியாத கோயிலே காட்டிக்கொடுக்கும். தக்காணத்தின் கருங்கல், ஏறத்தாழ 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகளிலிருந்து பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய் உறைந்து உண்டானது. மாமல்லபுரத்துக் கல் வேறு, இது வேறு. கல்லின் இயல்பை ஒட்டியே உளியின் போக்கும் அமையும்.

இங்கே நிற்கும் தமிழர் ஒன்றை நினைவுகூரலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை எவையுமின்றிக் கோயில் அமைத்ததாக, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதம் கொண்டான். 8ஆம் நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியபோது, கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கவராது திருப்பித் தந்தான். அதனைக் கூறும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அக்கோயிலில் உள்ளது. அக்கோயிலின் சாயல் பட்டடக்கல் விரூபாட்சர் கோயிலிலும், அதன் சாயல் எல்லோராக் கைலாசத்திலும் படிந்துள்ளது என்பர் கலை வரலாற்றறிஞர். மன்னர்கள் போரிட்டனர், சிற்பக்கலையோ எல்லை கடந்து நடந்தது.

அடுத்துக் காண வேண்டியது கார்லா. புனேயிலிருந்து லோணாவளா செல்லும் ரயிலில் மளவலி நிலையத்தில் இறங்கினால், இருப்புப்பாதையின் ஒரு புறம் கார்லா, மறு புறம் பாஜா. இரண்டும் பௌத்தத் துறவியர் தங்கிய குகைகள். கார்லா மலைமீது ஏகவீரா தேவியின் கோயிலும் உண்டு. நவராத்திரி நாட்களிலும் சித்திரைத் திருவிழாவிலும் அங்கே அடியார் கூட்டம் பெருகும். சிற்பங்களை நின்று நோக்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்தல் நலம்.

கார்லாவின் பெரிய சைத்திய மண்டபம் ஏறத்தாழ 45 மீட்டர் நீளமும் 14 மீட்டர் உயரமும் உடையது. பக்கத்திற்குப் பதினைந்தாக முப்பது தூண்களும், தூபிக்குப் பின்னே ஏழு தூண்களும், ஆக 37 தூண்கள் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் வளைந்த கூரையின் அடியில் மர விலாக்கள் தெரியும். அவை 1,800 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரங்கள் என்று அறியும்போது உள்ளம் வியக்கிறது. கல்லைக் குடைந்த கூரைக்கு மரத்தின் தாங்கல் எதற்கு? தேவையே இல்லை. அதற்கு முன் மரத்தால் மண்டபம் கட்டிப் பழகிய கைகள், கல்லிலே அமைத்தபோதும் பழைய வடிவத்தைக் கைவிடவில்லை. ஊர் மாறியும் வாசலில் கோலமிடுவதை விடாத நமக்கு இந்த மனம் புரியாததன்று.

வழிகாட்டியை அமர்த்திக்கொள்வோர், அவர் சொல்வதைக் கேட்பதோடு கேள்வியும் கேட்க வேண்டும். பாண்டவர்கள் ஓரிரவில் குடைந்தார்கள் என்ற கதை இப்பகுதியில் பல குகைகளுக்கும் உண்டு. அக்கதையை எள்ளி நகையாட வேண்டுவதில்லை; செய்தவர் பெயர் மறந்த பின்னர், மக்கள் தம் வியப்புக்கு இட்ட பெயர் அது. ஆனால் “இக்காலத்தது என்பதற்குச் சான்று என்ன? கல்வெட்டு எங்கே?” என்று பணிவுடன் கேட்டால், நல்ல வழிகாட்டி மகிழ்ந்து காட்டுவார். வழிகாட்டி பேசும் மராத்தி நம் வீட்டு முதியோர்க்கு விளங்காது. தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு அது நன்கு விளங்கும். பேரப்பிள்ளை பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். பாட்டி, தான் கண்ட மாமல்லபுரத்தைப் பேரனுக்குச் சொல்லட்டும். வீட்டில் நேராத உரையாடல் அந்த முற்றத்தில் நேரக்கூடும்.

இவ்விரு இடங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. இத்தகைய சின்னங்களைச் சிதைப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் பாறையில் தம் பெயரைக் கீறிச் செல்வோரைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது. நம்முடையது என்ற எண்ணம் உள்ளத்தில் எழுந்தாலன்றிக் கை தானாக அடங்காது.

கார்லாவில் முறையாகப் பெயர் பொறித்தவர்களும் உண்டு. வைஜயந்தி என்னும் வனவாசியிலிருந்து வந்த பூதபாலன் என்ற வணிகன், நாவலந்தீவிலேயே சிறந்த கல்மாளிகை இது என்று பெருமையுடன் கல்லில் எழுதச் செய்தான். தூண்கள் சிலவற்றைத் தேனுகாகடம் என்னும் ஊரிலிருந்த யவனர் கொடையாக அளித்தனர். அவ்யவனர் இம்மண்ணுக்கு எங்கிருந்தோ வந்தவர்கள். அவர் மொழி வேறு, பிறப்பு வேறு. ஆயினும் தாம் வாழ்ந்த நாட்டின் அறச்சாலையில் ஆளுக்கொரு தூணாகத் தம் பங்கைச் செலுத்தினர். வந்த இடம் சொந்த இடமாவது அவ்வாறுதான். வரும் ஞாயிற்றுக்கிழமையே நாமும் குடும்பத்துடன் பாதாளேசுவரத்தின் படிகளில் இறங்கிப் பார்க்கலாம்.