கொடிமுந்திரி நாட்டில் ஓர் இல்லம்

மத்தியதரைக் கடற்கரை இல்லம் என்றவுடன் வெண்சுவரும் செவ்வோடும் வளைவு வாயிலும் நம் மனக்கண்முன் தோன்றும். அவை அவ்வில்லத்தின் உறுப்புக்கள். அதன் உயிர் யாதெனின், ஞாயிற்றின் போக்கறிந்து மனை வகுக்கும் அறிவேயாம்.

கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமச் சிற்பநூலார் விற்றுரூவியசு, தம் நூலின் ஆறாம் புத்தகத்தில், நாட்டின் தட்பவெப்பத்திற்கேற்ப இல்லம் வேறுபடல் வேண்டும் என்றார். கோடையில் உண்ணுங் கூடம் வடக்கு நோக்குக. துயிலறையும் நூலறையும் கிழக்கு நோக்குக. தேறல் வைக்கும் அறைக்கும் ஒளி வடக்கிலிருந்தே வருக என்பன அவர் வகுத்த விதிகள். யவனர் தேறலைப் புறநானூற்றிற் கற்ற நமக்கும், அவர்தம் இருகாதுச் சாடிகளின் ஓடுகள் 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டதை அறிந்த நமக்கும், இவ்விதி சுவை பயப்பதாகும்.

இன்று அவ்வில்லத்தை விரும்பிக் கட்டும் நாடுகளுள் ஒன்று, கலிபோர்ணியாவிலுள்ள நாப்பாப் பள்ளத்தாக்கு. கொடிமுந்திரித் தோட்டங்களாற் புகழ்பெற்ற அப்பள்ளத்தாக்கும் ஏதென்சு மாநகரும் ஏறத்தாழ 38 பாகை வட அகலக்கோட்டிலேயே உள்ளன. இரண்டிடத்தும் மாரியில் மழை, கோடையில் வறட்சி. ஆதலின் இவ்விருப்பம் வெறும் போலியன்று. நண்பகல் ஞாயிறு கோடையில் 75 பாகை உயர்ந்தும் மாரியில் 28 பாகையளவே உயர்ந்தும் நிற்கும். தெற்கு நோக்கிய இறப்பை அளவறிந்து நீட்டினால், கோடை வெயில் தடைப்படும். மாரி வெயில் உள்ளே புகும். பருத்த சுவர் பகல் வெப்பத்தைத் தாங்கும்; கடற்பனியோடு வரும் இராக்காற்று அதனைத் தணிக்கும். நம் நாற்சார் வீட்டின் முற்றம்போல் நடுமுற்றம் ஒளியும் காற்றும் தரும். அம்முற்றத்தை நோக்கி முழுதும் திறக்கும் கண்ணாடிக் கதவே இக்காலத்தார் சேர்த்த புதுமை.

ஆயினும் அந்நாட்டில் ஞாயிற்றினும் கொடிய பகையொன்றுண்டு. 2017 ஒக்டோபர் 8ஆம் நாளிரவு அப்பள்ளத்தாக்கின் வடபால் மூண்ட தீ, வறண்ட வடகீழ்க் காற்றால் உந்தப்பெற்று, விடியுமுன் சாந்தா ரோசா நகரினுட் புகுந்தது. அதில் மாண்டோர் 22 பேர். அழிந்த கட்டிடங்கள் 5,600க்கு மேற்பட்டன. 2020 செப்டெம்பரில் அப்பள்ளத்தாக்கில் மீண்டும் தீ மூண்டது.

இத்தகைய தீயில் மனைகள் பல, காற்றிற் பறந்துவரும் பொறிகளாலேயே எரிகின்றன. கூரையின் காற்றுத் துளையும் இடுக்கும் அவற்றுக்கு வாயில்கள். சுட்ட ஓடு எரியாது. ஆனால் வளைந்த ஓட்டின் திறந்த முனை வழியே பொறி உட்புகும். அம்முனையை அடைத்தல் வேண்டும். காற்றுத் துளைக்கு நுண்வலை இடுதல் வேண்டும். சுவரடியில் ஐந்தடி அகலத்திற்குச் செடியின்றிக் கல் பரப்புதல் நன்று.

இங்கேதான் மனையாளரின் உள்ளம் தயங்கும். வாயிலின்மேற் படர்ந்த கொடிமுந்திரிப் பந்தர் அன்றோ அவ்வில்லத்தின் அழகு! அதனையே சுவரினின்று விலக்கி நிறுத்துக என்றால் யார்தாம் வருந்தார்? ஆயினும் நாட்டிற்கேற்ற மனை என்னும் பழைய விதி இதனையே வேண்டுகின்றது. விற்றுரூவியசு இன்று நாப்பாவில் மனை வகுப்பாராயின், ஞாயிறு வருந் திசையோடு தீக்காற்று வருந் திசையையும் வினவிய பின்னரே அடிக்கல் நாட்டுவார்.